பிரபஞ்சம் விரியத் தொடங்குமுன் என்ன இருந்தது? "ஒன்றுமில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

உவர்மலை வானதி:

வானியலில் ஆர்வமுள்ள திருகோணமலைக்காரர் பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். பதினோராம் ஆண்டுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பிரபஞ்சம் விரிகிறது என்று சொல்லி வாய் மூடுமுன் பின்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "அதற்கு முன் என்ன இருந்தது?" அண்மையில் மாணவர்களுக்காக நடந்த ஒரு கருத்தரங்கில் வளவாளர் ஒருவர், "அதற்கு முன் ஒன்றுமே இல்லை, காலமே இல்லை, ஆகவே கேள்வியே பிழை" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் பிரபஞ்சத்தின் பருமனையும் காலத்தையும் வைத்து ஒரு வரைபைக் கரும்பலகையில் வரையச் சொன்னேன். ஒரு மாணவி வளைகோட்டைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்து அச்சில் முட்டவிட்டாள். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டஸ்டரை எடுத்துக் கடைசி ஓர் அங்குலத்தை அழித்து, அதே இடத்தில் புள்ளிக்கோடு போட்டாள். "இந்த இடத்தை யாரும் அளக்கவில்லையே, ரீச்சர்" என்றாள்.

அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். எதுவரை அளந்திருக்கிறோம்? எங்கிருந்து ஊகிக்கிறோம்?

உப்புவெளி ஓய்வாசிரியர்:

அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், மகள். உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1922இல் ரஷ்யாவின் ஃபிரீட்மன், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே விரியும் பிரபஞ்சம் சாத்தியம் என்று காட்டினார். 1927இல் பெல்ஜியத்தின் லெமேத்ர அந்தக் கணக்கை விண்மீன் மண்டலங்களின் செந்நகர்வோடு (விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதோடு) பொருத்தினார். 1929இல் ஹபிள், தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை அளந்து வெளியிட்டார். விரிகிறது என்றால், பின்னோக்கிப் போகப் போக எல்லாம் நெருக்கமாகவும் சூடாகவும் இருந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு கொம்பு வடிவ அன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பென்சியாஸும் வில்சனும் அதைப் பிடித்தார்கள். எத்திசைக்குத் திருப்பினாலும் நீங்காத இரைச்சல் அது. அன்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களைத் துரத்தி, எச்சத்தைத் துடைத்தும் போகவில்லை. 1965இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரைச்சலைத்தான் பின்னணிக் கதிர்வீச்சு என்கிறோம். அதன் வெப்பநிலை இன்று 2.725 கெல்வின். அது புறப்பட்டபோது ஏறத்தாழ 3000 கெல்வின். அதாவது, அன்றிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்திருக்கிறது.

இந்தக் கதிர்வீச்சு எங்கோ தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். நீங்கள் இதை வாசிக்கும் அறையிலும் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் அந்த ஆதி ஒளியின் போட்டோன்கள் ஏறத்தாழ 400 இருக்கின்றன.

அது புறப்பட்டது விரிவு தொடங்கி 3,80,000 ஆண்டுகள் கழித்து. அதற்கும் முந்திய சாட்சி ஒன்று உண்டு. சாதாரண சடப்பொருளின் திணிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியம். முதல் சில நிமிடங்களில் நடந்த அணுக்கரு இணைவைக் கணக்கிட்டால் அதே அளவுதான் வருகிறது. ஆகவே முதல் சில நிமிடங்கள்வரை நாம் தரையில் காலூன்றி நிற்கிறோம். அதற்கு முன்னால் சாட்சி மெலிந்துகொண்டே போகிறது. ஒரு செக்கனைப் பத்தால் 43 தடவை வகுத்தால் வரும் நேரத்துக்கு நெருங்கும்போது ஈர்ப்புக்கும் குவாண்டம் விதிகள் வேண்டும். அந்தக் கோட்பாடு இன்னும் முழுமையாக நம் கையில் இல்லை.

"முடிவிலி அடர்த்தியுள்ள ஒரு புள்ளி" என்பது எங்கிருந்து வந்தது? கொல்கத்தாவின் ராய்சவுத்ரி 1955இல் எழுதிய சமன்பாடு, 1965இல் பென்ரோஸின் தேற்றம், 1970இல் ஹோக்கிங்கும் பென்ரோஸும் சேர்ந்து நிறுவிய தேற்றம் ஆகியவற்றிலிருந்து. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்புக் கொள்கை எல்லா நிலையிலும் செல்லும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஓரிடத்தில் அறுந்துபோகும் என்பதே அவற்றின் சாரம். கணக்கு அறுந்த இடத்தில் உலகமும் அறுந்திருந்தது என்று அவை சொல்லவில்லை. கருத்தரங்கில் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும்.

கிண்ணியாத் தோணி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "காலமே இல்லை" என்ற பதிலை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளோடு வாதாடியது இதே புள்ளியில்தான். உலகம் படைக்கப்பட்டபோதே காலமும் படைக்கப்பட்டது, ஆகவே படைப்புக்கு முன் இறைவன் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்று கேட்பதற்கு இடமில்லை என்றார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே புனித அகஸ்டினும் இதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரும் சும்மா வாயடைக்கச் சொன்ன பதில் அல்ல அது. சிந்தித்துச் சொன்னது.

விஞ்ஞானத்திலும் அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. ஹார்ட்டிலும் ஹோக்கிங்கும் 1983இல் வெளியிட்ட எல்லையில்லாப் பிரபஞ்சக் கருத்து. மிக ஆரம்பத்தில் காலம் இடத்தைப் போலவே நடந்துகொண்டது, அதனால் கூரான தொடக்க முனை என்று ஒன்று கிடையாது என்கிறார்கள். தென்துருவத்தில் நிற்பவன் இன்னும் தெற்கே போக முடியாததைப் போல, அங்கே "முன்" என்ற திசை இல்லை. வளவாளர் மனதில் இதுதான் இருந்திருக்கும்.

உவர்மலை வானதி:

நானா, அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பல முன்மொழிவுகளில் ஒன்று. அதைப் பலவற்றில் ஒன்று என்று சொல்லியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். நிரூபிக்கப்பட்ட முடிவு போலச் சொன்னார்கள். கேட்ட பிள்ளையைத் தலைகுனிய வைத்தார்கள். என் கோபம் அதில்தான்.

தம்பலகாமத்து வேலன்:

நம் வீட்டிலேயே விடை இருக்கும்போது வெளியே ஏன் தேடுகிறோம்? இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. உலகத்துக்கு முதற்காரணமான மாயைக்குத் தொடக்கம் கிடையாது. உலகம் அதிலிருந்து தோன்றி, நிலைத்து, அதிலேயே ஒடுங்கி, மீண்டும் தோன்றும். விரிவுக்கு முன் என்ன இருந்தது என்றால், ஒடுங்கிய நிலையில் உலகம் இருந்தது. இன்று பென்ரோஸ் போன்றவர்களும் ஒரு பிரபஞ்சத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்கிறார்கள். கோணேசர் சந்நிதியில் தேவாரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

உப்புவெளி ஓய்வாசிரியர்:

வேலன் தம்பி, நானும் அதே சந்நிதியில் நின்றவன்தான். சித்தாந்தத்தின் அந்த வாதம் ஆழமானது. இல்லாததிலிருந்து இருப்பது எப்படி வரும் என்பது இன்றைய அண்டவியலாளரையும் தூங்கவிடாத கேள்வி. அந்தக் கேள்வியை நம் முன்னோர் எவ்வளவு கூர்மையாக எழுப்பினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை. ஆனால் "அவர்கள் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று எழுதாதீர்கள். பென்ரோஸின் கருத்தை விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. நாளை அது பொய்த்துப்போனால் சித்தாந்தமும் பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. அப்படியானால் அதன் தோளில் சித்தாந்தத்தை ஏற்றவும் வேண்டாம்.

லெமேத்ர ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது பலருக்குத் தெரியாது. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது லெமேத்ர மகிழவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. தன் விசுவாசத்தையும் தன் சமன்பாட்டையும் இரண்டு கையிலும் தனித்தனியே ஏந்திய அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொன்று. எளிய சுழற்சிக்கு ஒரு பெரிய தடை உண்டு. 1930களில் டோல்மன் காட்டினார்: ஒவ்வொரு சுழற்சியிலும் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) கூடும், அதனால் அடுத்த சுழற்சி முந்தியதைவிட நீளும். பின்னோக்கிப் போனால் சுழற்சிகள் குறுகிக் குறுகி, மறுபடியும் ஒரு தொடக்கத்தில்தான் போய் நிற்கும்.

தம்பலகாமத்து வேலன்:

எந்திரப்பிக்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்களே, ஐயா? ஸ்டைன்ஹார்ட், டுரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட சுழற்சிக் கோட்பாட்டில் எந்திரப்பி அழிவதில்லை. நீண்ட விரிவில் ஐதாகிப் பரந்துபோகிறது. அடுத்த சுழற்சி ஏறத்தாழ வெற்றான இடத்திலிருந்து தொடங்குகிறது என்று வாசித்தேன்.

உப்புவெளி ஓய்வாசிரியர்:

ஆம். சரியாகச் சொன்னீர்கள்.

நிலாவெளி இராக்கண்:

இரவில் கடற்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவன் நான். ஐயா முதல் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்த விவாதம் முழுமையாகாது.

வானத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து வரும் அந்த ஆதிக் கதிர்வீச்சும் மேற்கு ஓரத்திலிருந்து வருவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. வேறுபாடு இலட்சத்தில் ஒரு பங்கு. கோப் செயற்கைக்கோளால் அதை அளந்து 1992இல் அறிவித்தார்கள், பின்னர் டபிள்யூமப், பிளாங் ஆகிய செயற்கைக்கோள்கள் மேலும் நுணுக்கமாக அளந்தன. ஆனால் பழைய கணக்குப்படி அந்த இரண்டு பகுதிகளும் அதற்கு முன் ஒருபோதும் தொடர்புகொண்டிருக்கவே முடியாது. ஒளிக்குக்கூட நேரம் போதவில்லை. பிறகு எப்படி ஒரே வெப்பநிலை?

1980இல் ஸ்டாரோபின்ஸ்கியும் 1981இல் கூத்தும் வேறு வேறு வழியால் ஒரே இடத்துக்கு வந்தார்கள். மிகக் குறுகிய நேரத்தில் வெளி தாறுமாறான வேகத்தில் ஊதிப் பெருத்திருந்தால், முன்பு ஒட்டியிருந்த சிறு துண்டுதான் இன்று நாம் பார்க்கும் வானம் முழுவதும். அந்த வீக்கம் முடிந்தபோது அதை நடத்திய சக்தி துணிக்கைகளாகவும் வெப்பமாகவும் மாறியது. நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் சூடான தொடக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது, சூடான தொடக்கத்துக்கு முன் என்ன என்ற கேள்விக்கு, பெரும்பாலான அண்டவியலாளர் "வீக்கம்" என்பார்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்ல மாட்டார்கள். வீக்கம் உறுதியாக நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று இன்னும் இல்லை. ஆனால் அதன் எதிர்வுகூறல்கள் பல அளவீட்டோடு பொருந்துகின்றன.

வீக்கத்துக்கு முன் என்ன? அங்கேதான் சிக்கல். வீக்கம் உண்மை என்றால், அதற்கு முன் என்ன இருந்திருந்தாலும் அது கடலில் கரைத்த பெருங்காயம். மணம் பிடிக்கக்கூட முடியாத அளவுக்கு ஐதாக்கப்பட்டுவிட்டது. விலென்கின், லிண்டே போன்றவர்கள் வீக்கம் தொடங்கினால் எல்லா இடத்திலும் ஒரேயடியாக நிற்காது, எங்கோ ஓரிடத்தில் எப்போதும் தொடரும் என்றார்கள். அப்படியானால் நம் தொடக்கம் பல தொடக்கங்களில் ஒன்று. ஆனால் 2003இல் போர்ட், கூத், விலென்கின் மூவரும் ஒரு தேற்றம் நிறுவினார்கள்: சராசரியாக விரிந்துகொண்டே இருக்கும் எந்தப் பிரபஞ்சத்தையும் பின்னோக்கி முடிவில்லாமல் நீட்ட முடியாது. முன்னோக்கி முடிவில்லாமல் போகலாம். பின்னோக்கி எங்கோ ஓர் எல்லை வரும். அந்த எல்லையில் வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

கிண்ணியாத் தோணி:

அந்தத் தேற்றம் தொடக்கத்தை நிரூபிக்கிறது என்று பலர் எழுதுகிறார்களே, தம்பி?

நிலாவெளி இராக்கண்:

விலென்கின் அதைத் தொடக்கத்துக்குச் சார்பாகவே வாசிக்கிறார், நானா. ஆனால் தேற்றத்தின் நிபந்தனையைக் கவனியுங்கள். சராசரியாக விரிய வேண்டும். விரிவுக்கு முன் ஒரு சுருக்கம் இருந்திருந்தால் அந்த நிபந்தனை நிறைவேற வேண்டியதில்லை. தேற்றம் வாயிலில் நிற்கிறது, வாயிலுக்கு அப்பால் என்ன என்று அது பேசவில்லை.

துறைமுக வீதித் தந்தை:

மன்னிக்கவும். என் மகன் இவ்வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். இதெல்லாம் பரீட்சைக்கு வராது. புள்ளி கிடைக்கும் விடையை ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தால் போதாதா? பிள்ளைகளைக் குழப்புவதால் யாருக்கு நன்மை?

உவர்மலை வானதி:

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பரீட்சைக்குரியதை ஒரு வரியும் விடாமல் கற்பிக்கிறேன், அதில் நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் உங்கள் மகன் ஒருநாள் வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம். அன்று ஓர் அறிக்கையைக் கையில் எடுத்து, "இதில் எது அளந்தது, எது ஊகித்தது?" என்று கேட்க அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பதினாறு வயதில் வராவிட்டால் பிறகு வருவது கடினம். இந்தக் கேள்வியைப் போல அந்தப் பழக்கத்தை ஊட்டும் கேள்வி வேறு எதையும் நான் காணவில்லை. பிள்ளைகள் தாமாகவே கேட்கிறார்கள். கேட்கும் பிள்ளையின் வாயை மூடிவிட்டு எதைக் கற்பிப்பது?

உப்புவெளி ஓய்வாசிரியர்:

சுருக்கத்தைப் பற்றி இராக்கண் தொட்டார். அதை நான் தொடர்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வெளியும் காலமும்கூட நுண்ணிய அலகுகளால் ஆனவை என்று கொள்ளும் வளையக் குவாண்டம் ஈர்ப்பு என்ற முயற்சி இருக்கிறது. அதை முழுப் பிரபஞ்சத்துக்கும் பொருத்தி போஜோவால்ட் 2001இல் தொடங்கிய ஆய்வை, 2006இல் அஷ்டேகரும் அவரது குழுவினரும் கணினிக் கணக்கீடுகளால் முன்னெடுத்தார்கள். பின்னோக்கிப் போகும்போது அடர்த்தி முடிவிலியைத் தொடுவதில்லை. பிளாங் அடர்த்தி எனப்படும் மிகப் பெரிய அளவில் ஏறத்தாழ 41 வீதத்தை எட்டியதும் ஈர்ப்பு விலக்கு விசைபோல் நடந்துகொள்கிறது. சுருங்கிவந்த பிரபஞ்சம் அங்கே திரும்பி விரியத் தொடங்குகிறது. வானதி மகளின் மாணவி போட்ட புள்ளிக்கோடு இந்தக் கணக்கில் அச்சைத் தொடாமலே மறுபக்கம் ஏறிப்போகிறது.

இதற்கு நேர் எதிர் விலென்கின் 1982இல் முன்வைத்தது. இடமும் காலமும் இல்லாத நிலையிலிருந்து, குவாண்டம் ஊடுருவலால் (தாண்டப் போதிய சக்தி இல்லாமலே தடையின் மறுபுறம் போகும் விளைவால்) ஒரு சிறு பிரபஞ்சம் தோன்றலாம் என்றார். கணிதம் அழகானது. ஆனால் எனக்கு அதில் நிறைவில்லை. அந்த "ஒன்றுமில்லை" உண்மையில் ஒன்றுமில்லை அல்ல. குவாண்டம் விதிகள் அங்கேயும் செல்லுபடியாகின்றன. விதிகள் எங்கே எழுதியிருந்தன? வேலன் தம்பியின் "இல்லது தோன்றாது" இங்கே வந்து நிற்கிறது, அதை யாரும் இன்னும் அசைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கிண்ணியாத் தோணி:

எல்லாம் சரி ஐயா, ஆனால் இப்போது நம் முன் நாலைந்து கதைகள் கிடக்கின்றன. எதை ஏற்பது? நம் திருகோணமலையின் சுவாமி மலையில் இருந்த பழைய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்று எல்லோரும் சொன்னோம். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிக் கடலுக்குள் கிடந்த தூண்களைக் கண்டபோது கையால் தொடக்கூடிய சாட்சி கிடைத்தது. இங்கே அப்படி ஒரு தூண் இருக்கிறதா?

நிலாவெளி இராக்கண்:

இருக்கக்கூடும், நானா. தேடுகிறார்கள்.

வீக்கம் நடந்திருந்தால் அண்டவெளியே அதிர்ந்திருக்கும். அந்த ஆதி ஈர்ப்பலைகள் பின்னணிக் கதிர்வீச்சின் முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசையில்) ஒரு சுருள் வடிவத் தடத்தை விட்டிருக்க வேண்டும். 2014 மார்ச்சில் தென்துருவத்தில் இயங்கிய பைசெப்2 குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. பிளாங் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, கண்டதில் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசி என்று தெரிந்தது. 2015 தொடக்கத்தில் இரு குழுக்களும் சேர்ந்தே அதை வெளியிட்டார்கள். எனக்கு அந்த நிகழ்வில் பிடித்தது அதுதான். அறிவித்தவர்களே எதிர்த் தரப்பின் தரவோடு உட்கார்ந்து சரிபார்த்தார்கள்.

2021இல் அதே பைசெப் வரிசையின் புதிய அளவீடுகள், அந்த அலைகளின் வலிமையைக் குறிக்கும் விகிதம் 0.036ஐ விடக் குறைவு என்று எல்லையிட்டன. எளிய வீக்க மாதிரிகள் சில அத்தோடு அடிபட்டுப் போயின. வேலன் அண்ணா சொன்ன ஸ்டைன்ஹார்ட், டுரோக் கோட்பாடு இந்தத் தடம் கண்ணில் படும் அளவுக்கு இருக்கவே கூடாது என்கிறது. ஆகவே தடம் கிடைத்தால் அது விழுந்துவிடும். பென்ரோஸ் தன் முந்திய பிரபஞ்சத்தின் தடயமாகப் பின்னணிக் கதிர்வீச்சில் வட்டங்கள் தெரிவதாக 2010இல் சொன்னார். மற்றக் குழுக்கள் அதே தரவை ஆராய்ந்து, வெறும் தற்செயலிலும் அப்படிப்பட்ட வட்டங்கள் வரும் என்று காட்டினார்கள்.

இப்போது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், ஏறத்தாழ 5200 மீற்றர் உயரத்தில், சைமன்ஸ் ஆய்வுக்கூடம் இதையே தேடுகிறது. ஜப்பான் முன்னின்று நடத்தும் லைட்பேர்ட் என்ற செயற்கைக்கோளும் திட்டத்தில் இருக்கிறது.

தம்பலகாமத்து வேலன்:

தடம் கிடைக்காவிட்டால்? முந்திய சுருக்கம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நிலாவெளி இராக்கண்:

முடியாது, அண்ணா. வீக்க மாதிரிகளிலேயே பல, மிக மெல்லிய அலைகளைத்தான் சொல்கின்றன. கிடைக்காமல் போனால் உரத்துப் பேசும் மாதிரிகள் ஒவ்வொன்றாகக் கழியும், மெல்லப் பேசுபவை மிஞ்சும். சுருக்கத்தை ஏற்க அதற்கே உரிய தனித் தடம் வேண்டும். வளையக் குவாண்டம் ஆய்வாளர் சிலர், வானத்தின் மிகப் பெரிய கோணங்களில் பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைத் தங்கள் பக்கம் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெரிய கோணங்களில் பார்ப்பதற்கு நமக்கு இருப்பது ஒரே ஒரு வானம். இன்னும் எத்தனை செயற்கைக்கோள் ஏவினாலும் அந்த எண்ணிக்கை கூடாது. அதனால் அது தற்செயலா, தடயமா என்று அந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை.

உவர்மலை வானதி:

இதை அப்படியே அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகிறேன், தம்பி. 2014, 2015 நிகழ்வுகளை முதலில் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன். முனைவாக்கத்தை அவர்கள் வயதுக்கு எப்படி விளக்குவது என்று ஐயா ஒரு தனிப் பதிவு எழுதினால் உதவியாக இருக்கும்.

உப்புவெளி ஓய்வாசிரியர்:

எழுதுகிறேன், மகள். முனைவாக்கும் கண்ணாடித் துண்டுகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. வகுப்புக்கு எடுத்துப்போங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் திருப்பினால் ஒளி மங்கி மறைவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும், விளக்கம் பிறகு சொல்லலாம்.